உஷார்! மேடு ஏறப் பெரிய மோட்டார் போடுகிறீர்களா? இறங்கும்போது என்ன செய்வீர்கள்?

உங்கள் வீட்டில் மோட்டார் கிட் மாட்டிய சைக்கிள் இருக்கிறதா? சமதரையில் ஜம்மென்று போகிறது, மேடு வந்தால் மூச்சு வாங்குகிறதா? "250 வாட் எந்த மூலைக்கு? 1000 வாட் போடுங்க, மலையே ஏறும்" என்று யாராவது ஆசை காட்டினார்களா?

உஷார்! பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது பொறுங்கள்.

பயமுறுத்துகிறாளே என்று நினைப்பீர்கள். ஆமாம், பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் கணபதி பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். 22 வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறேன். போர்வெல் பம்ப், கிரைண்டர், டேபிள் ஃபேன் என்று கருகின மோட்டார்கள் வந்துகொண்டே இருக்கும். வார்னிஷ் கருகின வாடை ஒன்று உண்டு. சேலையில் ஏறினால் இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன், வந்தது கருகினதா இல்லையா என்று. இந்த நாலைந்து வருஷமாகத்தான் புதுசாக ஒன்று வர ஆரம்பித்திருக்கிறது. சைக்கிள் சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் மலைக்காரர்கள்.

போன ஐப்பசி மழையில் ஒரு பையன் வந்தான். குன்னூருக்கு மேலே ஒரு ஊர். பேர் வேண்டாம். வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். முன்பல் இரண்டு இல்லை. இடது கையில் ஒரு கோணிப்பை. அதற்குள் ஸ்போக்ஸ் கம்பியெல்லாம் வெட்டிவிட்ட ஹப் மோட்டார் ஒன்று, கூடவே உடைந்த முன் ஃபோர்க்கும் பேட்டரி பேக்கும்.

"அக்கா, இதுக்குக் காயில் கட்டித் தரணுங்க. முன்ன இருந்ததவிடக் கொஞ்சம் தடிச்ச கம்பியாப் போட்டுச் சுத்துங்க. இன்னும் இழுவை வேணுமுங்க."

பல் போன வாயால் அவன் கேட்டது அதைத்தான்!

"மொதல்ல உக்காரு கண்ணு. டீ குடி. அப்புறம் சொல்லு" என்றேன். சொன்னான்.

பேக்கரியில் வர்க்கி வாங்கி டீக்கடைகளுக்குப் போடுகிற பையன். முதலில் 250 வாட், 36 வோல்ட் கிட். முன் சக்கரத்தில் மோட்டார். வெறும் சைக்கிளாக இருந்தவரை மேட்டில் இறங்கித் தள்ளினவனுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது. பின்னால் பதினைந்து கிலோ வர்க்கிப் பெட்டி ஏறினதும் மோட்டார் திணற ஆரம்பித்தது. மிதித்துக்கொண்டே போனால் ஏறியிருக்கும். மிதிக்க அலுப்பு. வயசு அப்படி.

கிட் மாட்டிக் கொடுக்கிற ஒருவரிடம் போனான். அவர் 48 வோல்ட், 1000 வாட் மோட்டாரை அதே முன் சக்கரத்தில் மாட்டினார். பழைய பேட்டரி ஒத்துவராது என்று எங்கோ கட்டின செகண்ட் ஹேண்ட் பேக் ஒன்றைக் கொடுத்தார். நாலு நாள் பறந்தான். ஐந்தாம் நாள் ஏற்றத்தின் நடுவில் பேட்டரி தானாகவே கட் ஆனது. திரும்பப் போனான். "பி.எம்.எஸ்.தான் தடுக்குது" என்று சொல்லி, பேட்டரியைப் பாதுகாக்கும் அந்தப் பலகையை பைபாஸ் செய்து கொடுத்தார்கள். அப்புறம் இழுவை போதவில்லை என்று, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலரைத் திறந்து, அதற்குள் கரண்டை அளக்கும் ஷன்ட் கம்பி மேல் ஈயம் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் கன்ட்ரோலர் ஏமாந்துபோகும். ஓடுகிற கரண்டைக் குறைவு என்று நினைத்துக்கொண்டு இன்னும் அள்ளி விடும்.

கவனித்தீர்களா? காவலுக்கு இருந்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு காலையில், பனிமூட்டத்தில், வளைவில் ஏறிக்கொண்டிருந்தான். வேகம் பன்னிரண்டு பதிமூன்றுகூட இருக்காது. த்ராட்டிலை முழுசாகத் திருகினான். 'டக்' என்று ஒரு சத்தம். முன் சக்கரம் ஃபோர்க்கை விட்டுத் தனியாக வந்துவிட்டது. இவன் முகம் தடுப்புச் சுவரில். காறை எலும்பு முறிவு. பல் இரண்டு. ஏறும்போது நடந்தது, அதனால் பல்லோடு போயிற்று. இதுவே பத்து நிமிஷத்துக்கு முன்னால், எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கும்போது நடந்திருந்தால்? யோசிக்கவே வயிறு கலங்குகிறது.

அந்த ஃபோர்க்கை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அலுமினியம். ஆக்ஸில் உட்காருகிற வாய் கொட்டாவி விட்டதுபோல் திறந்திருந்தது. ஓரத்தில் ஒரு பக்கம் பிஸ்கட்டை ஒடித்தாற்போல் உடைந்திருந்தது. ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்க வேண்டும். அது உருண்டுபோய், அதன் மேல் அலுமினியத் தூள் வெள்ளியாக அப்பியிருந்தது. மோட்டாருக்குள் போகும் மஞ்சள், பச்சை, நீலம் மூன்று ஒயரும் சடை பின்னினதுபோல் முறுக்கிக்கொண்டு அறுந்து, நுனியில் செம்பு உருகிச் சின்னக் குண்டுமணியாக நின்றது.

ஏன் இப்படி ஆனது தெரியுமா?

மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது ஆக்ஸிலைப் பின்பக்கமாகத் திருகப் பார்க்கும். அந்தத் திருகலைத் தாங்குவது என்ன? ஃபோர்க் வாய்க்குள் உட்கார்ந்திருக்கும் அந்த 10 மில்லிமீட்டர் தட்டைப் பகுதியும் இரண்டு நட்டும்தான். சின்ன மோட்டாருக்கு அது போதும். பெரிய மோட்டார் முழு இழுவையில் திருகும்போது அந்தச் சின்ன வாயின் ஓரத்தில் சில நூறு கிலோ பாரம் விழுகிறது. சைக்கிள் ஃபோர்க்கை அதற்காகச் செய்யவில்லை. சாதாரணச் சக்கரத்தில் அந்த இடத்துக்குத் திருகல் வேலையே கிடையாது. அதிலும் ஸ்பிரிங் வைத்த அலுமினிய ஃபோர்க் படுமோசம். இரும்பாவது வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இதற்கென்றே டார்க் ஆர்ம் என்று ஓர் இரும்புப் பட்டை உண்டு. ஒரு முனை ஆக்ஸிலைக் கவ்வும், மறுமுனை ஃபோர்க்கோடோ ஃப்ரேமோடோ சேரும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். பையனிடம் கேட்டேன்.

"அது இருந்துச்சா கண்ணு?"

"கிட்டுல ஏதோ பட்டை வந்துச்சுங்க. வேண்டாம், நட்டை நல்லா டைட் வெச்சாப் போதும்னு சொன்னாங்க."

முன் சக்கரத்தில் பெரிய மோட்டார் வேண்டவே வேண்டாம். பின் சக்கரம் என்றாலும் இரும்பு ஃப்ரேம், இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம். இல்லையென்றால் ஏறாதீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் மூடியைக் கழற்றினார். வாடை மூக்கில் ஏறியது. காயில் ஒரு பக்கம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். விழுந்ததால் கருகினதில்லை அது. விழுவதற்குப் பல நாள் முன்பிருந்தே உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஹப் மோட்டாரில் இதுதான் வில்லங்கம். காயில் நடுவில் இருக்கிறது. வெளிக்கூட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று இடைவெளி. சூடு வெளியே வர வழி குறைவு. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், உள்ளே எனாமல் பொரிந்துகொண்டிருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற, உள்ளே போகிற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகிறது. கொக்கியில் மாட்டினதுபோல் நின்றுவிட்டால் அத்தனையும் சூடு. உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கும், ஆறினபிறகும் முழுசாகத் திரும்பாது. அப்புறம் அதே மேட்டுக்கு இன்னும் கரண்ட் இழுக்கும். இன்னும் சூடு. 'போன மாசம் ஏறின மேடு இப்போ ஏறலையே' என்கிறவர்கள் பேட்டரியைத் திட்டுகிறார்கள். பல சமயம் சோர்ந்துபோனது காந்தம்.

உள்ளே பல்சக்கரம் வைத்த சின்ன ஹப் மோட்டார் வேறு ரகம். அதில் நைலான் பற்கள். சூட்டில் இளகி, ஒருநாள் மொத்தமாக மழுங்கிவிடும். மோட்டார் 'ர்ர்ர்' என்று சுற்றும், சக்கரம் சுற்றாது. அதுவும் வளைவு நடுவில்தான் நடக்கும்!

சரி, எவ்வளவு வாட்தான் வேண்டும்? எங்கள் வீட்டுக்காரர் பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆள், சைக்கிள், சரக்கு எல்லாம் சேர்த்து 110 கிலோ. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுகிற சாலை. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 360 வாட் சக்கரத்தில் வேண்டும். அதே மேட்டை 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால்? 240 வாட். அதில் 80, 100 வாட் உங்கள் காலே கொடுக்கும்.

அந்தப் பையனுக்கு 1000 வாட் தேவையே இருக்கவில்லை. கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் மிதியும் போதுமாக இருந்தது.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

36 வோல்ட் சின்னக் கிட் அதிகபட்சம் 15 ஆம்பியர் இழுக்கும். 48 வோல்ட் 1000 வாட் கன்ட்ரோலர் மேட்டில் 25, 30 ஆம்பியர் இழுக்கும். பேக்கில் உள்ள செல் அதற்குத் தயாரானதா? பழைய லேப்டாப் செல்லைக் கட்டிய பேக் என்றால் கண்டிப்பாக இல்லை. பி.எம்.எஸ். என்கிற சின்னப் பலகை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் அதிகமானால் வெட்டும். செல் ரொம்ப வடிந்தால் வெட்டும். உங்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரிகிறது. மேட்டில் கட் ஆனால் கோபம் வருகிறது. அது உங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, தாயே!

பைபாஸ் செய்த பேக்கில் என்ன நடக்கும்? செல்கள் வடியக்கூடாத அளவுக்கு வடியும். அப்படி வடிந்த செல்லுக்குள் செம்பு கரைந்து வேண்டாத இடத்தில் படியும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் சார்ஜில் போடும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். தீ பிடிப்பது மலையில் இல்லை. ராத்திரி, வீட்டில், நீங்கள் தூங்கும்போது.

பையனின் பேக்கை எங்கள் வீட்டுக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார். நாலு வரிசை 2 வோல்ட்டுக்கும் கீழே. "இதை இனி சார்ஜே பண்ணக்கூடாது தம்பி" என்றார். அவன் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மேலே அவனும் தம்பியும் படுத்திருக்கிறார்கள். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் மூடி.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்தது. அப்பாவும் பள்ளிக்கூடம் போகிற மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அது யாரும் கைவைத்து மாற்றின வண்டிகூட இல்லை. அப்படியென்றால் ஈயம் ஏற்றி, பைபாஸ் செய்து, செகண்ட் ஹேண்டில் வாங்கினதை எங்கே வைப்பது?

வாசலை மறித்தோ மாடிப்படிக்குக் கீழோ வைக்காதீர்கள். தீ என்றால் நீங்கள் ஓட வேண்டிய வழி அதுதான். மலை ஏறி வந்த சூட்டோடு சார்ஜரைச் சொருகாதீர்கள். ஆறட்டும். ஊட்டிப் பக்கம் மார்கழி, தை உறைபனியில் வெளிக் கொட்டகையில் வைத்து சார்ஜ் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வதும் உள்ளே ஷார்ட்டுக்கு வழி வைப்பதுதான். வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் விட்டபிறகு, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

இன்னொரு சிக்கன யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டாம், 36 வோல்ட் மோட்டாருக்கு 48 வோல்ட் பேட்டரி போட்டால் போதுமாம். 48 வோல்ட் பேக் முழு சார்ஜில் 54.6 வோல்ட். 36 வோல்ட் கன்ட்ரோலர் பலவற்றுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டுக்கானது. படாரென்று வெடிக்கும். அதோடு வீட்டில் இரண்டு சார்ஜர் ஆகிவிடும். ஒன்று 42 வோல்ட், ஒன்று 54.6. இரண்டும் கறுப்பு டப்பா. பல நேரம் பின்னும் ஒன்றே. கரண்ட் போய்வந்த இருட்டில் பாட்டியோ பிள்ளையோ மாற்றிச் சொருகிவிட்டால்? சார்ஜர் ஒன்றுக்குச் சிவப்பு டேப், அதன் பேக்குக்கும் சிவப்பு டேப். இன்றைக்கே ஒட்டுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். தலைப்பில் கேட்டேனே, இறங்கும்போது என்ன செய்வீர்கள்?

மலைப்பாதையில் போகும்போது மஞ்சள் போர்டு பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் போகச் சொல்லும். எதற்கு? பஸ்ஸுக்கும் காருக்கும் இன்ஜினே பாதி பிரேக். உங்கள் சைக்கிளுக்கு அது கிடையாது. பல்சக்கரம் உள்ள ஹப் மோட்டார் இறக்கத்தில் சும்மா சுற்றும். உங்களைப் பிடித்து நிறுத்த இருப்பது இரண்டு ஜோடி பிரேக் கட்டைகளும் இரண்டு கம்பிகளும்தான். வெறும் சைக்கிள் 15 கிலோ. மோட்டார், பேட்டரி ஏறினதும் 25, 28 கிலோ. பிரேக் மட்டும் பழையதே!

ஒரு கணக்கு சொல்கிறேன், மறக்க மாட்டீர்கள். 110 கிலோ பாரம் 300 மீட்டர் உயரம் மெதுவாகப் பிரேக் பிடித்தபடியே இறங்கினால் அந்தப் பிரேக்கில் பிறக்கும் சூடு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஐந்து லிட்டர்! அத்தனை கொதியும் இரண்டு ரிம்மிலும் நாலு ரப்பர் துண்டிலும். ரப்பர் இளகும். ரிம் சூட்டில் டியூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் சூடேறி, பிடி மங்கும். லிவரை இழுக்கிறீர்கள், வண்டி நிற்கவில்லை. அடுத்த வளைவு வந்துவிட்டது.

"எங்க மோட்டார்ல ரீஜென் இருக்கே, அதுவே பிரேக் பிடிச்சு பேட்டரிய ஏத்திடும்" என்கிறவர்கள் உண்டு. பல்சக்கரம் இல்லாத பெரிய ஹப் மோட்டாரில் அது உண்டுதான். ஆனால் மலைமேல் வீடு இருப்பவர்கள் இதைக் கேளுங்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் முழு பேட்டரியோடு கிளம்பி, முதல் வேலையாக இறங்குகிறீர்கள். நிரம்பின குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? பி.எம்.எஸ். வெட்டிவிடும். மோட்டார் பிரேக் அந்த நொடியே காணாமல் போகும். கை பழகிப்போய் அதை நம்பிக்கொண்டிருக்கும். இன்னொன்று, ரீஜென் பிடிக்கும்போது ஆக்ஸில் எதிர்ப்பக்கம் திருகும். ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். பல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதுபோல் நட்டு தளரும்.

கிட் மாட்டும்போது பிரேக் லிவரில் ஒரு மெல்லிய ஒயர் வரும். பிரேக் பிடித்தால் மோட்டாரை அணைக்கிற ஒயர். பழைய லிவருக்குப் பொருந்தவில்லை என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். த்ராட்டில் மழையில் நனைந்து தானாக முறுக்கிக்கொண்டால் அப்போது 1000 வாட்டோடு உங்கள் கை சண்டை போட வேண்டும். சுவிட்சை அணைக்க ஒரு விரல் எங்கே மிச்சம்?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும்வரைதான் அது லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாத வண்டி. அதைத் தாண்டினால் மோட்டார் வாகனம். உங்கள் வண்டிக்கோ நம்பர் பிளேட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. குறுக்கே வந்த ஒருவர் மேல் இடித்துவிட்டால் நஷ்டஈடு உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். பத்தாவது படிக்கிற மகன் ட்யூஷனுக்கு ஓட்டட்டும் என்று பெரிய மோட்டார் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? மைனர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் ஏற்பட்டால் பெற்றோருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவு இருக்கிறது. அவன் ஓட்டுவான், நீங்கள் உள்ளே போவீர்கள்.

அப்படியானால் மேட்டுக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சின்னச் சக்கரத்தில் கோர்த்த ஹப் மோட்டார் அதிகம் இழுக்கும். 26 இன்ச்சிலிருந்து 20 இன்ச்சுக்கு வந்தால் அதே மோட்டார் தரையைத் தள்ளும் பலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும், வேகம் அதற்கேற்பக் குறையும். மெதுவாகச் சுற்றுகிற காயில் கட்டிய மோட்டாராகக் கேட்டு வாங்கலாம். எனக்குப் பிடித்தது பெடல் இருக்கும் இடத்தில் உட்காரும் மிட் டிரைவ். சைக்கிளின் கியரையே பயன்படுத்தும், மேட்டில் சின்ன கியரில் போட்டால் 250 வாட்டே ஏறிவிடும். அதிலும் ஒரு 'ஆனால்' உண்டு. பின்னால் கியர் இல்லாத சைக்கிளில் அதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. பெரிய கியரில் முரட்டுத்தனமாக இழுத்தால் செயின் அறுந்து காலில் அடிக்கும். எதை வாங்கினாலும் முதல் செலவு பிரேக். மோட்டாருக்கு ஒதுக்கின பணத்தில் முதலில் நல்ல டிஸ்க் பிரேக் போடுங்கள், மிச்சத்தில் மோட்டாரைப் பற்றி யோசியுங்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு, இவை தெரிந்தால் அன்றைக்கே வண்டியை ஓரம் கட்டுங்கள்:

மேடு ஏறி நின்றதும் மோட்டார் கூட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் உள்ளே சூடு எங்கேயோ போய்விட்டது. வார்னிஷ் கருகின வாடை, கருகின வெங்காயமும் பெயிண்ட்டும் சேர்ந்தாற்போல், ஒரு தடவை வந்தாலே போதும். இரண்டாம் தடவைக்குக் காத்திருக்காதீர்கள். கிளம்பும்போது மோட்டார் உதறுகிறதா? சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஹால் சென்சார் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கலாம். பேட்டரி ஒயர் சேரும் கனெக்டர் பழுப்பாக மாறியிருக்கிறதா, பிளாஸ்டிக் நெளிந்திருக்கிறதா? சார்ஜர் விளக்கு எவ்வளவு நேரமானாலும் பச்சைக்கு வரவில்லையா? சார்ஜ் ஏறும்போது பேக்கின் ஒரு மூலை மட்டும் சுடுகிறதா? அந்தப் பேக்கை வீட்டுக்கு வெளியே, எரிகிற சாமான் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புகை வந்துவிட்டால் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்காதீர்கள். ஆட்களை வெளியே இழுங்கள், கதவைச் சாத்துங்கள், 101க்கோ 112க்கோ போன் போடுங்கள். வண்டி போனால் போகிறது!

அந்தப் பையனுக்குக் காயில் கட்டித் தரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவனுக்குக் கோபம். "வேற கடையில கட்டிக்கிறேனுங்க" என்று எழுந்தவன், கடைசியில் அந்த மோட்டாரை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். எட்டுக் கிலோ. இன்னும் பெஞ்சுக்கு அடியில்தான் கிடக்கிறது. பழைய 250 வாட் கிட்டையே பின் சக்கரத்தில் மாட்டி, மிதித்துக்கொண்டு போகிறான் என்று வர்க்கி வாங்கப் போனபோது பேக்கரியில் சொன்னார்கள். உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். மகளிடமோ மருமகளிடமோ நெயில் பாலிஷ் வாங்கி, மோட்டார் சக்கரத்தின் ஆக்ஸில், நட்டு, ஃபோர்க் மூன்றின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கமும். காய்ந்ததும் ஒரு மேடு ஏறி இறங்கிவிட்டு வந்து பாருங்கள். கோடு ஒரு நூல் விலகியிருந்தாலும் ஆக்ஸில் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அதற்குமேல் அந்த வண்டியில் யாரையும் ஏற விடாதீர்கள்.